இரவல் சட்டை வேண்டாம்

இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவி

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டுப் பழமொழி. இதைச் சொல்லாத பெரியவர் இல்லை. கேட்காத பிள்ளையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு பாதியும் ஒருவருடையவையாகவே இருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒரு பாதி தன்னுடையதாகவும் மறு பாதி அடுத்தவருடையதாகவும் இருந்தால், வந்து நிற்கும் ஆள் யார்?

மாணவ நண்பர்களே! இந்த ஆண்டு மலரில் அணுவைப் பற்றியும் விண்வெளியைப் பற்றியும் எழுதுவோர் பலர் இருப்பர். நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு சட்டையைப் பற்றி. "இதுவும் ஒரு பொருளா?" என்று நகைக்க வேண்டாம். காலையில் கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறிச் செங்கல்பட்டு வந்து சேர்வதற்குள் மகளிர் பெட்டியில் நாங்கள் பேசாத பொருள் இல்லை. தேர்வுக்கு அடுத்தபடியாக அங்கே அதிகம் பேசப்படுவது திருமணம். அதிலும் அண்மைக் காலமாக ஒரு புதுக் கேள்வி எழுந்திருக்கிறது. தான் விரும்பும் ஒருவரின் பெற்றோரை முதன்முதலாகப் பார்க்கப் போகும்போது எதை உடுத்திக்கொண்டு போவது? கேட்பதற்கு எளிய கேள்விதான். எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த அனுபவத்திலிருந்து நான் கண்ட முடிவை என் சிற்றறிவுக்கு எட்டியவரை இங்கே சொல்ல விழைகிறேன்.

பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும்

நம் வழக்கத்தில் 'பெண் பார்த்தல்' உண்டு. 'மாப்பிள்ளை பார்த்தல்' என்ற சொல்லும் உண்டு. ஆனால் இரண்டிலும் உடைக்காகக் கண்ணாடி முன் நிற்பவள் பெண் மட்டுமே. என் பெரியம்மா மகளைப் பெண் பார்க்க வந்த நாளை நான் மறக்கவில்லை. காலையில் ஒரு சேலை கட்டினார்கள். "இந்த நிறம் அவளைக் கறுப்பாகக் காட்டுகிறது" என்றார் ஓர் அத்தை. வேறொன்று கட்டினார்கள்; "இதில் பருமனாகத் தெரிகிறாள்" என்றார் இன்னொருவர். மூன்றாவது சேலை பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வந்தது. கழுத்தில் இருந்த சங்கிலியும் இரவல்தான். வந்த மாப்பிள்ளையோ வேலைக்குப் போகும் சட்டையிலேயே, பையில் பேனாவுடன் வந்து அமர்ந்து, கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டுப் போனார். அவர் சட்டையைப் பற்றி எவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

இன்று காலம் சற்றே மாறியிருக்கிறது. மறைமலை நகர்த் தொழிற்சாலைகளிலும் பழைய மாமல்லபுரம் சாலையின் அலுவலகங்களிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றனர். பழகுகின்றனர், ஒருவரையொருவர் அறிந்துகொள்கின்றனர், பின்னர் வீட்டாரிடம் சொல்கின்றனர். இப்போது ஆணும் பெண் வீட்டுக்குப் போய் அமர்ந்து, பார்க்கப்பட வேண்டியிருக்கிறது. கண்ணாடி முன் நிற்கும் அச்சம் என்னவென்று அவனுக்கும் தெரிய வருகிறது. இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் ஒன்று. 1967இல் அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தபோது, மணமக்கள் மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும் என்றது. சட்டத்துக்கு ஒரு மாலை போதுமானதாக இருக்கிறது. நமக்கோ, அந்த மாலைக்கு முன்னால் எத்தனை சட்டை, எத்தனை சேலை!

எங்கள் வீட்டில் நடந்தது

என் தந்தையார் கூடுவாஞ்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலருகே தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். என் தாயார் தாம்பரத்தில் 1984இல் தொடங்கப்பட்ட ஏற்றுமதி வளாகத்தில், ஓர் ஆடை நிறுவனத்தில் சட்டைக்குக் காலர் தைப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் பட்டம் வாங்கப்போகும் முதல் ஆள் நான். அண்ணன் பாலிடெக்னிக் முடித்து மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவரை அவர் விரும்புகிறார், அவரும் விரும்புகிறார். அவரை அண்ணி என்று அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் வரவில்லை. ஆகவே அக்கா என்றே அழைக்கிறேன்.

அந்த அக்காவின் வீடு சேலையூரில் இருக்கிறது. தந்தையார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனும் அவர் அப்பாவும் வரட்டும், பேசுவோம்" என்று அவர்கள் சொல்லி அனுப்பினர். என்னையும் அழைத்து வரும்படி அக்கா சொன்னார். கூடவே அண்ணனின் கைப்பேசிக்கு ஒரு செய்தியும் வந்தது: "ரொம்ப ஃபார்மலா வேண்டாம். ஸ்மார்ட் கேஷுவலா வந்தா போதும்."

இந்தச் சொல்தான் எங்கள் வீட்டைக் கலக்கியது. மிடுக்காகவும் இருக்க வேண்டும், மிடுக்குக்காக முயன்றது போலவும் தெரியக்கூடாது என்பது இதன் பொருள் என்று அண்ணன் விளக்கினார். "அப்படின்னு கடையில கேட்டா எடுத்துத் தருவானா?" என்றார் அப்பா. அண்ணனின் நண்பர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் கோட்டு மாதிரி ஒன்றை மேலே போடச் சொன்னார். ஒருவர் வட்டக் கழுத்து பனியனும் ஜீன்ஸும் போதும் என்றார். வேறொருவர் வேட்டி சட்டையில் போனால் பெண்ணின் அப்பா விழுந்துவிடுவார் என்றார். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அண்ணன் மூன்று ஆளாகப் பிரிந்துபோனார்.

இங்கே ஓர் உண்மையை நான் மறைக்க விரும்பவில்லை. போக வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு, மாலையில் அப்பாவுக்குத் தேநீர் கொண்டு போனேன். வண்டியில் தேய்த்து மடித்த அடுக்கின் மேல் ஒரு வெளிர்நீலச் சட்டை இருந்தது. நல்ல கம்பெனிச் சட்டை, அண்ணனின் அளவேதான். அதன் உரிமையாளர் வெளியூர் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். "ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் போட்டுக்கட்டுமே அப்பா, துவைச்சுத் தேய்ச்சு வெச்சுட்டா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டது நான்தான். பட்டப்படிப்புப் படிக்கும் நான்தான்.

அப்பா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்:

"இருபத்திரண்டு வருஷமா இந்த வண்டிக்கிட்ட நிக்கிறேன். ஊர்ச் சட்டை எல்லாம் என் கையில இருக்கு. ஒண்ணுகூட என் முதுகுல ஏறினதில்லை. அந்த ஒண்ணாலதான் எல்லார் வீட்டு வாசல்லயும் தலை நிமிர்ந்து நிக்கிறேன். அதை ஒரு நாளைக்கு இறக்கி வைக்கச் சொல்றியாம்மா?"

எங்கள் தொழில் செய்வோர் ஊரார் துணியை உடுத்தி மினுக்குவார்கள் என்று கேலி பேசும் பழமொழிகளைப் பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கேலியை என் தந்தையார் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தம் முதுகால் மறுத்து வந்திருக்கிறார். அதை நான் ஒரு தேநீர் நேரத்தில் உண்மையாக்கப் பார்த்தேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சட்டையின் அறிவியல்

பிறகு எந்தச் சட்டை? சென்ற பொங்கலுக்கு எடுத்த ஒரு பருத்திச் சட்டை அண்ணனிடம் இருந்தது. வெள்ளையில் மெல்லிய கோடு. உடல் நன்றாக இருந்தது. காலரின் மடிப்பு மட்டும் நைந்து நூல் பிரிந்திருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். கடல் கடந்து போகும் சட்டைகளுக்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கில் காலர் தைக்கும் கை அது. காலரைப் பிரித்தார், நைந்த பக்கத்தை உள்ளே தள்ளி, நல்ல பக்கத்தை வெளியே திருப்பித் தைத்தார். அரை மணி நேரத்தில் புதுக் காலர் வந்துவிட்டது. பழைய காலத்துத் தையற்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலைதானாம் இது. இன்று காலர் நைந்தால் சட்டையையே எறிந்துவிடுகிறோம்.

அடுத்து அப்பா. நீர் தெளித்து, சுருட்டிச் சற்று நேரம் வைத்து, பிறகு தேய்த்தார். இதை நான் பிறந்த நாள் முதல் பார்த்து வருகிறேன். ஆனால் முதலாம் ஆண்டு வகுப்பில் ஹைட்ரஜன் பிணைப்பு பற்றிப் பேராசிரியர் நடத்தியபோதுதான் அதன் பொருள் விளங்கியது. பருத்தி என்பது செல்லுலோஸ். அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. துணி கசங்கியபடி உலர்ந்தால், கசங்கிய நிலையிலேயே பிணைப்பு ஏற்பட்டுச் சுருக்கம் நின்றுவிடுகிறது. நீர் தெளித்தால் அந்தப் பிணைப்புகள் தளர்கின்றன. ஆறேழு கிலோ எடையுள்ள கரிப்பெட்டியின் சூடும் அழுத்தமும் சங்கிலிகளை நேராக்குகின்றன. நீர் ஆவியாகும்போது நேரான நிலையில் புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. மடிப்பு நிற்கிறது! பருத்தி 200 டிகிரி அளவுச் சூட்டையும் தாங்கும். பாலியெஸ்டரோ அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே பளபளப்பு ஏறிக் கெட்டுவிடும். அதனால்தான் துணியைத் தொட்டுப் பார்த்தே அப்பா பெட்டியின் சூட்டை முடிவு செய்கிறார்.

இதையெல்லாம் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்படியா? தண்ணி தெளிக்காம தேய்ச்சா மடிப்பு நிக்காது. எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார். நான் நூலில் படித்ததை அவர் கையால் செய்துகொண்டிருந்தார். எங்கள் இருவரில் யார் பட்டதாரி என்று எனக்கே ஐயம் வந்தது.

என் பங்குக்கு நான் செய்தது சிறிது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்காக 2022இல் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் என் வங்கிக் கணக்கில் வந்தது. அதில் சேர்த்து வைத்திருந்த பணத்தில் அண்ணனுக்கு இரண்டு இணை காலுறை வாங்கினேன். காலுறை ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உடை என்னும் வேலி

ஒரு சட்டைக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் உடை என்பது வெயிலுக்கும் குளிருக்கும் மட்டும் ஏற்பட்டதன்று. யார் எங்கே நிற்கலாம் என்று கோடு போட்டுக் காட்டும் வேலியாகவும் அது இருந்திருக்கிறது.

இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்த காலத்தில், அங்கிருந்த நாடார் குலப் பெண்கள் தோளை மறைத்துச் சீலை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அடியும் அவமானமும் பட்ட பின்னரே 1859இல் மன்னர் ஆணை வந்தது. அந்த ஆணையும் 'மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது' என்று ஒரு முள்ளை வைத்தே வந்தது. துணியைக் கொடுத்தார்கள், சமத்துவத்தைக் கொடுக்கவில்லை.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் தம் உடையைக் குறைத்து அரை வேட்டிக்கு மாறினார். ஏழை உழவர்கள் உடுத்தியதையே தாமும் உடுத்த முடிவு செய்தார். 1931இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றபோது, மன்னரின் மாளிகைக்கும் அதே எளிய உடையில்தான் போனார். உலகின் மிகப் பெரிய வீட்டுக்கு விருந்தினராகப் போன ஒரு மனிதர், அந்த வீட்டுக்காக ஓர் இரவல் கோட்டைத் தேடவில்லை.

நெடுங்காலத்துக்கு முந்தைய கதை என்று இவற்றைத் தள்ளிவிடவும் முடியாது. 2014 சூலையில் சென்னையில் ஒரு மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிட்டனர். நீதி வழங்கும் ஒருவருக்கே அந்த நிலை! அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம், வேட்டி அணிந்தவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. நாம் நாள்தோறும் பார்க்கும் ஓர் உடைக்குச் சட்டம் துணை நிற்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை அலமாரி முன் நின்று எதை உடுத்துவது என்று கலங்குவது வெறும் அலங்காரக் கவலை அன்று. "என் உடையைப் பார்த்து என் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்களோ? என் சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்களோ?" என்ற அச்சம் அது. எங்கள் தொழிலைச் சொன்னாலே சாதியையும் சேர்த்துச் சொன்னதாக ஆகிவிடுகிறது. இந்த அச்சம்தான் மனிதனை இரவல் சட்டை தேட வைக்கிறது.

ஓர் எதிர்வாதம்

இதை ரயிலில் சொன்னபோது என் தோழி ஒருத்தி என்னை மறித்தாள். அவள் தந்தையார் மூட்டை தூக்குபவர். "உனக்கென்ன, உன் அம்மா தைத்துக் கொடுப்பார், அப்பா தேய்த்துக் கொடுப்பார். நல்ல சட்டை ஒன்றுகூட இல்லாதவன் என்ன செய்வான்? நண்பனிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு போனால் அது குற்றமா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. நண்பன் மனமுவந்து கொடுத்த சட்டையை நான் குற்றம் சொல்லமாட்டேன். அதில் அன்பு இருக்கிறது. "இது என் நண்பனுடையது" என்று யார் கேட்டாலும் சொல்ல முடிந்தால் அது இரவல் ஆகாது, உறவு ஆகும். சொல்ல முடியாத சட்டைதான் இரவல். கடன் வாங்கி எடுத்த விலையுயர்ந்த கோட்டு நம் பணத்தில் வந்ததாக இருக்கலாம். ஆனால் அது காட்டும் வாழ்க்கை நம்முடையதாக இல்லாவிட்டால் அதுவும் இரவல்தான். "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்" என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தான். முதல் நாள் ஒரு பொய்யை உடுத்திப் போனால், இரண்டாம் நாள் அதற்கு ஏற்ற இன்னொரு பொய்யைத் தேட வேண்டும். திருமணம் என்பது ஒரு நாள் நாடகமா, வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போக?

எதை உடுத்துவது?

அப்படியானால் எப்படிப் போனாலும் சரி என்கிறேனா? இல்லை. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்றவர்களும் நம் முன்னோரே. ஒரு வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறவர், அந்த வீட்டாருக்காகச் சிறிது சிரமம் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிய வேண்டும். அது மரியாதை. நான் ஒரே ஓர் அளவுகோலைச் சொல்வேன்: பத்தாவது முறை அந்த வீட்டுக்குப் போகும்போதும் கூச்சமின்றி எதை உடுத்துவீர்களோ, அதைத் துவைத்துத் தேய்த்து முதல் முறையே உடுத்துங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். நம் வீடுகளில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். மூவாயிரம் ரூபாய் ஷூ வெளியிலேயே நின்றுவிடும். உள்ளே போவது காலுறைதான். அதில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தால் மேலே உள்ள மிடுக்கு அத்தனையும் வீண். காலுறை வாங்கிய காரணம் இதுதான். அடுத்து, பாய் விரித்து உட்காரச் சொன்னால் உட்கார முடிய வேண்டும். காலைப் பிடிக்கும் இறுக்கமான ஜீன்ஸில் சம்மணம் போட முடியாமல் தவித்த ஒருவரை நான் ஒரு விருந்தில் பார்த்திருக்கிறேன். பாயசத்தைக்கூட அவர் நிம்மதியாகக் குடிக்கவில்லை. நம் ஊர் வெயிலுக்கும் மின்சார ரயிலின் நெரிசலுக்கும் பருத்தியே ஏற்றது. அது வியர்வையை உறிஞ்சும், பாலியெஸ்டர் உறிஞ்சாது. வெளிர் நிறம், பொருத்தமான தையல், காலர் வைத்த சட்டை, சாதாரணப் பருத்திக் கால்சட்டை. அந்த ஆங்கிலப் பெயர் கேட்பதும் ஏறத்தாழ இவ்வளவுதான். புதுச் சட்டையானால் ஒரு முறையாவது துவைத்து உடுத்திப் பழகியிருக்க வேண்டும். அன்றே உறை பிரித்து அணிந்தால் காலருக்குள் மறந்துபோன குண்டூசி, பேச வேண்டிய நேரத்தில் கழுத்தில் பேசும்!

பெண்களுக்கும் இதுவேதான். ஆண்டுக்கு ஒரு முறை சேலை கட்டுபவர், அன்றைக்கு மட்டும் பட்டைச் சுற்றிக்கொண்டு நடக்கத் தடுமாற வேண்டியதில்லை. கல்லூரிக்கு உடுத்தும் நல்ல சுடிதார் ஒன்று போதும். நிறம் கறுப்பாகக் காட்டுகிறதே என்று கவலைப்படும் அத்தைமாருக்கு ஒரு சொல்: நாங்கள் கறுப்பாக இருந்தால் கறுப்பாகத்தான் தெரிவோம், அதில் சேலையின் குற்றம் ஒன்றுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

அப்பாவும் அண்ணனும் நானும் புறப்பட்டோம். "மூணு பேரா போகக் கூடாது" என்று பக்கத்து வீட்டு ஆயா தடுத்து, தம் ஆறு வயதுப் பேரனையும் கூட அனுப்பி வைத்தார். அவன் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல உடையைப் போட்டுக்கொண்டு வந்தான். அது அவனுடைய பள்ளிச் சீருடை. அம்மா வரவில்லை. "நான் வந்தா நிச்சயத்துக்குத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டார். அப்பா வேட்டியும் அரைக்கைச் சட்டையும் உடுத்தியிருந்தார். ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் என்று ரயில் தாண்டும் வரை அண்ணன் உட்காரவே இல்லை. இடம் இருந்தும், சட்டை கசங்கிவிடும் என்று நின்றுகொண்டே வந்தார்.

சேலையூர் வீட்டில் முதலில் பேச்சே எழவில்லை. அக்காவின் அம்மா பையனைப் பார்த்து, "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை ஆச்சே, பள்ளிக்கூடமா?" என்று கேட்டார். "இல்லை, இதுதான் புதுசு" என்றான் அவன். எல்லோரும் சிரித்துவிட்டோம். அதன் பிறகு வேலை, சம்பளம், ஊர் என்று பேச்சு நகர்ந்தது. அப்பாவைப் பற்றிச் 'சொந்தத் தொழில்' என்று மட்டும் அக்கா வீட்டில் சொல்லியிருந்தார் போலும்.

சிறிது நேரம் கழித்து அக்காவின் அப்பா அண்ணனின் கைமடிப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சட்டை எங்க தேய்க்கக் கொடுத்தீங்க தம்பி? எங்க தெருவுல இவ்வளவு சுத்தமா மடிப்பு விழறதில்லை."

அண்ணன் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்க அப்பா தேய்ச்சதுங்க. அதுதான் எங்க தொழில். காலர் அம்மா தைச்சது."

மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவர் "காபி கொண்டாம்மா" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். காபி வந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரில்தான் வந்தது. அதை நான் கவனித்தேன், அப்பாவும் கவனித்திருப்பார். புறப்படும்போது "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள்.

இதை எழுதும் நாள் வரை பதில் வரவில்லை. அக்கா மட்டும் உறுதியாக இருக்கிறார். நல்லபடி முடியும் என்று எழுதி இக்கட்டுரையை இனிமையாக முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நடக்காததை எழுதினால் அதுவும் இரவல் சட்டையாகிவிடும். ஒன்று மட்டும் உறுதி. அந்த வெளிர்நீலச் சட்டையில் போயிருந்தாலும் இதே கேள்வி வந்திருக்கும், மடிப்பு அப்பாவுடையதுதானே! ஆனால் அண்ணனின் பதில் பாதியில் நின்றிருக்கும். பதில் என்னவாக வந்தாலும், அது எங்களைப் பார்த்துச் சொன்ன பதிலாக இருக்கும். வேறு யாருடைய சட்டையையோ பார்த்துச் சொன்னதாக இருக்காது.

முடிவாக

நண்பர்களே! நம்மில் பலர் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நாளை வேலைக்கான நேர்காணல் என்றும் திருமணப் பேச்சு என்றும் பல வீடுகளின் வாசலில் நாம் நிற்கப் போகிறோம். அங்கெல்லாம் சுத்தமாகப் போவோம், ஒழுங்காகப் போவோம், எதிரில் இருப்பவரை மதிக்கும் உடையில் போவோம். ஆனால் நம் வீட்டை மறைக்கும் உடையில் போக வேண்டாம்.

கதவைத் திறந்து வரவேற்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வந்து நிற்கும் பிள்ளையின் சட்டைக்கு விலை போடாதீர்கள். அதை யார் தைத்தார்கள், யார் தேய்த்தார்கள் என்று கேளுங்கள். சொல்லத் துணிவு இருந்தால், அந்தப் பிள்ளையை நம்பி உங்கள் பெண்ணைக் கொடுக்கலாம். உங்கள் பையனைக் கொடுக்கலாம்.

வெளிர்நீலச் சட்டைக்காரர் திங்கட்கிழமை வந்து தம் துணியை வாங்கிக்கொண்டு போனார். எண்ணிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார். இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் வீடு சேர்த்த சொத்து அதுதான்.